நெல்நியமம் பூண்ட நாயன்மார் இருவர்

சிவமயம்

சிவபெருமானை முன்னிட்டு ஒருவன் ஒரு செயலைத் தனக்குக் கடனாக விதித்துக்கொண்டு, இன்பம் வரினும் துன்பம் வரினும் அதனின்று வழுவாது ஒழுகுதல் நோன்பு எனவும் நியமம் எனவும் கூறப்படும். காவிரி பாயும் நம் சோழவளநாட்டில் இது புதிதன்று. விதை தெளிக்கும்போதும், களத்திற் பொலி தூற்றும்போதும், பிள்ளை நோயுற்றபோதும், வழக்கு மன்றேறியபோதும் ஏதேனும் ஒன்றை இறைவனுக்கு நேர்ந்துகொள்ளாத குடும்பம் அரிது. ஆயினும், நோன்பு பூண்டவன் இறைவனுக்குக் கொடுப்பது யாது? அதனால் அவன் பெறுவது யாது? நோன்பு இடையில் முறிந்தால் அவன் இழப்பது யாது? இம்மூன்று வினாக்களையும் நம்மனோர் பெரும்பாலும் எழுப்புவதில்லை. எழுப்பாமையால், நோன்பினைப் பண்டமாற்று என்று மயங்குவாரும், பின்னொருகாற் செலுத்திவிட்டால் எல்லாம் நேராகிவிடும் என்று அமைவாரும் நம்மிடையே பலராயினர்.

இவ்வினாக்களுக்கு விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டா. சேக்கிழார் பெருமான் அருளிய திருத்தொண்டர் புராணத்துள், நெல்லையே பொருளாகக் கொண்டு நியமம் பூண்ட வேளாளர் இருவரின் வரலாறு உண்டு. ஒருவர் கணமங்கலத்து அரிவாட்டாய நாயனார். மற்றொருவர் நாட்டியத்தான்குடிக் கோட்புலி நாயனார். அரிவாட்டாயருக்கு உரிய தலமாகப் போற்றப்பெறுவது திருத்துறைப்பூண்டியை அடுத்த தண்டலைச்சேரி. அதுவும் திருநாட்டியத்தான்குடியும் முன்பு தஞ்சை மாவட்டத்துள் அடங்கியிருந்து, இப்போது திருவாரூர் மாவட்டத்தில் உள்ளன. இருவர் நியமமும் ஒன்று. இருவர் கையிலும் இருந்தது இரும்பு. ஒருவர் தம் கழுத்தை அரிந்தார், மற்றவர் தம் சுற்றத்தை அரிந்தார். இவ்விரண்டனையும் ஒருசேர வைத்து நோக்குவார்க்கு நியமத்தின் உண்மை இனிது விளங்கும் என்பது எம் கருத்து.

சொற்பொருள்

நோன்பு என்பது நோல் என்னும் அடியிற் பிறந்தது. நோற்றலாவது பொறுத்தல். விரதம் என்பதனை, வரித்தல் அஃதாவது தெரிந்துகொள்ளுதல் என்னும் பொருளுடைய அடியினின்று வந்ததாக வடநூலார் கொள்வர். நேர்தல் என்பதற்கு உடன்படுதல், கொடுத்தல் என்னும் பொருள்கள் உள. எனவே நேர்த்திக்கடன் என்பது ஒருவன் தானே உடன்பட்டு ஏற்ற கடன் ஆயிற்று. தெரிதல், உடன்படுதல், பொறுத்தல் என்னும் இம்மூன்றும் ஒருங்கே அமைந்தவழியே நோன்பு நிரம்பும். தெரிந்து உடன்பட்டவன் பொறுத்தற்குரிய காலம் வந்தபோது பொறானாயின், முன்னிரண்டும் வறுஞ்சொல்லாய் ஒழியும்.

இனி, நேர்த்திக்கும் நியமத்திற்கும் ஒரு வேறுபாடு உண்டு. ‘இன்னது எனக்கு ஆயின் இன்னது உனக்குச் செய்வேன்’ என்பது நேர்த்தி. அதன்கண் ‘ஆயின்’ என்னும் சொல் நிற்கும். நியமத்தில் அச்சொல் இல்லை. நேர்த்தியை இகழ்தல் எம் கருத்தன்று; துன்பத்தில் இறைவனை நினைத்தல் நினையாமையினும் பன்மடங்கு நன்று. ஆயினும் அது படியின் அடிநிலையே. ‘ஆயின்’ என்பது தேய்ந்து மறையுமாறு நேர்த்தி நியமமாக முதிர்தல் வேண்டும்.

நம் முன்னோர் அறக்கட்டளைகளை எழுதிவைத்த முறையே இதனை உணர்த்தும். 1010 ஆம் ஆண்டில் முதலாம் இராசராசர் காலத்து நிறைவெய்திய தஞ்சை இராசராசேச்சரத்துக் கல்வெட்டுக்களில், ஒரு திருவிளக்குக்கு நாடோறும் ஓர் உழக்கு நெய் அளத்தற்பொருட்டு 96 ஆடுகள் விடப்பட்ட செய்தி காணலாம். இத்தகைய ஆடுகளைச் சோழர் கல்வெட்டுக்கள் சாவா மூவாப் பேராடு என வழங்கும். ஆடு சாவாதோ? மூவாதோ? சாவும் மூப்பும் ஆட்டுக்கு உண்டு. ஏற்ற கடனுக்கு இல்லை. ஒன்று இறப்பின் மற்றொன்றை நிரப்பி, எண்ணிக்கை குறையாமல் ஆயன் காத்தல் வேண்டும். எனவே நியமம் பொருளின்மேல் நிற்பதன்று, உடன்பாட்டின்மேல் நிற்பது என்பது கல்லிலும் பொறிக்கப்பட்ட கொள்கையாயிற்று.

கமரிற் சிந்திய அமுது

அரிவாட்டாய நாயனாரின் இயற்பெயர் தாயனார். செல்வமிக்க வேளாண்குடியிற் பிறந்த அவர், செந்நெல்லரிசியும் செங்கீரையும் மாவடுவும் நாடோறும் இறைவனுக்கு அமுது செய்விக்கும் நியமம் பூண்டார். செல்வம் தொலைந்தது. தொலைந்தபோது அவர் நியமத்தைக் குறைத்தாரல்லர். தம் நிலையைக் குறைத்துக்கொண்டார். நிலமுடையவராய் இருந்தவர் பிறர் வயலிற் கூலிக்கு நெல்லரியப் புகுந்தார். கூலியாகப் பெற்ற செந்நெல்லை இறைவனுக்கு ஆக்கி, கார்நெல்லைத் தமக்கு வைத்துக்கொண்டார். பின்னர் வயலெல்லாம் செந்நெல்லே விளையுமாறு இறைவன் செய்தருள, கூலி முழுவதும் இறைவனுக்கே ஆயிற்று. தமக்கு ஒன்றும் இல்லையே என்று அவர் வருந்தவில்லை. எல்லாம் இறைவனுக்கே ஆயிற்றென்று மகிழ்ந்தார். கொல்லைக் கீரையைச் சமைத்து இட்டார் மனைவியார். கீரையும் அற்றபின் தண்ணீரை வார்த்தார். அதனை உண்டும் நியமம் தவறாது நடந்தது.

ஒருநாள் தாயனார் அமுதுக்கூடையைச் சுமந்து முன்செல்ல, மனைவியார் ஆனைந்து ஏந்திப் பின்சென்றார். பசியால் மெலிந்த கால் தளர்ந்து அவர் வீழ, அமுது முழுவதும் நிலத்தின் வெடிப்பாகிய கமரிற் சிந்திற்று. தண்ணீர் வற்றிய வயலைக் கண்டவர்க்கு அக்கமர் எத்தகையது என்று கூற வேண்டா. கை நுழையும் அகலமும் கண்ணுக்கு எட்டாத ஆழமும் உடைய வெடிப்புக்கள் அவை. ஒரு மணியரிசியேனும் மீட்டெடுத்தற்கு வழியில்லை. அமுது செய்விக்கும் பேறு அற்றபின் உயிர் எற்றுக்கு என்று, நெல்லரிந்த அரிவாளையே கழுத்திற் பூட்டி அரியலானார். அப்பொழுது கமரினின்று இறைவனது திருக்கை எழுந்து அவர் கையைப் பற்றிற்று. மாவடுவைக் கடிக்கும் ஓசையும் உடன் எழுந்தது.

இங்கு நாம் ஊன்றி நோக்கற்பாலது ஒன்றுண்டு. அன்றைய அமுது திருக்கோயிலைச் சென்று சேரவில்லை. உலகியல் வழக்கிற் கூறின், அன்று நியமம் முறிந்தது. ஆயினும் இறைவன் அதனை ஏற்றருளினான். கோயிலில் அன்று, அது வீழ்ந்த இடத்திலேயே ஏற்றருளினான். ஆகவே, உடல் தளர்ந்து கை தவறியது நியமக்கேடு அன்று என்பது பெறப்பட்டது.

கூட்டிற் குவித்த நெல்

கோட்புலி நாயனார் சோழருடைய படைத்தலைவர். அரசன்பாற் பெற்ற பொருளையெல்லாம் நெல்லாக்கிச் சிவன்கோயில்களின் திருவமுதுக்கு அளித்தல் அவர் பூண்ட நியமம். சுந்தரமூர்த்தி சுவாமிகள் தம் இல்லத்திற்கு எழுந்தருளியபோது, தம் புதல்வியராகிய சிங்கடியாரையும் வனப்பகையாரையும் அவருக்கு அடிமையாக அளித்தவர் இவர். சுவாமிகள் அவர்களைத் தம் புதல்வியராகவே கொண்டருளினார் என்பது வரலாறு.

அரசன் ஏவலாற் போர்மேற் செல்ல நேர்ந்தபோது, தாம் மீளும்வரை திருவமுதுக்கு வேண்டும் நெல்லைக் கூடுகளிற் குவித்து, அதனைத் தமக்கென்று நினைத்தலும் தகாதென்று சுற்றத்தார் ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே உரைத்து, திருவிரையாக்கலி என்னும் ஆணையும் இட்டுச் சென்றார். பின்னர்ப் பஞ்சம் வந்தது. சுற்றத்தார், ‘உணவின்றி இறப்பதைவிட இந்நெல்லை எடுத்து உண்டு உயிர் தாங்குவோம், பின்பு கொடுத்துவிடுவோம்’ என்று துணிந்து உண்டனர். மீண்டு வந்த நாயனார் இதனை அறிந்து, சுற்றத்தாரனைவரையும் ஒருங்கு அழைப்பித்து, வாயிலைக் காக்கச் செய்து, தந்தை தாய் முதலாக எல்லாரையும் வாளால் எறிந்தார். ஒரு பசுங்குழவி எஞ்சியது. இது அவ்வுணவை உண்ணவில்லை, குடிக்கு ஒரு மகன், இதனையேனும் விட்டருள வேண்டும் என்று காவலன் இரந்தான். உண்டவளின் முலைப்பாலை உண்டதே என்று அதனையும் வாளுக்கு இரையாக்கினார். இறைவன் தோன்றி, இறந்த சுற்றத்தார்க்கு மேலாம் உலகளித்து, நாயனாரைத் தன்னுடன் அழைத்துச் சென்றான்.

தடையும் விடையும்

இவ்வரலாற்றைப் படிக்கும்போது நெஞ்சு நடுங்காதவர் இலர், நடுங்குதலே இயல்பு. தமக்கு வந்த துன்பத்தைத் தாங்குதலும் பிறவுயிர்க்குத் துன்பம் இழையாமையுமே தவத்தின் வடிவம் என்பது திருவள்ளுவனார் துணிபு. அங்ஙனமாகப் பசித்தாரைக் கொன்றது எங்ஙனம் தொண்டாகும் எனின், கூறுதும்.

சிவன்பால் அன்புடையார் செய்வது பாவமாய்த் தோன்றினும் அறமாய் முடியும். அன்பிலார் செய்வது புண்ணியமாய்த் தோன்றினும் பாவமாய் முடியும் என்று சிவஞானசித்தியார் சுபக்கத்து அருணந்தி சிவாசாரியார் அருளினார். தக்கன் செய்த வேள்வியும், சண்டேசுர நாயனார் தந்தையின் தாளை எறிந்ததும் இவற்றிற்குக் காட்டுக்கள். தன்செயல் என்பது அறவே அற்றவர்பால் நிகழ்வது அவர் செயலன்று, சிவன் செயலே. ஆயினும் இவ்விடையைக் கூறுவோர் ஓர் எல்லையை உடன்கூறுதல் கடன். தன்செயல் அற்றவர் இவர் என்பதை அறிவான் இறைவன் ஒருவனே. அற்றுவிட்டேன் என்று தானே கூறுவானிடத்து அது அறவில்லை. ஆதலின் இவ்வரலாறு உணர்தற்கு உரியதேயன்றி ஒழுகிக் காட்டுதற்கு உரியதன்று. நியமத்தின் பெயரால் பிறரைத் துன்புறுத்துவோன் கோட்புலியாரைச் சான்றுகாட்டல் ஒருவாற்றானும் பொருந்தாது.

அற்றேல், பஞ்சகாலத்தில் இறைவனுக்குரிய நெல்லைப் பசித்தவர்க்கு மறுத்தல் சைவமோ எனின், அன்று. பஞ்சம் வந்தபோது திருவீழிமிழலையில் இறைவன் ஆளுடைய பிள்ளையாருக்கும் ஆளுடைய அரசுக்கும் படிக்காசு அளித்து அடியார்களை உண்பித்தான். இளையான்குடி மாறனார் அன்று விதைத்த முளைநெல்லை நள்ளிரவின் மழையில் வாரிவந்து, விருந்தாக வந்த அடியாரை உண்பித்தார். பசித்தவரை ஊட்டுதல் சிவதருமமே. கோட்புலியார் சுற்றத்தின் குற்றம் பசித்தமையன்று. ஆணைக்கு உட்பட்டு நின்று, ‘பின்பு கொடுத்துவிடுவோம்’ என்னும் ஒரு சொல்லால் அவ்வாணையை விலைப்படுத்தியமையே குற்றம்.

இருவர் வரலாற்றையும் இப்போது ஒப்புநோக்குக. தாயனாரிடத்து நெல் முழுவதும் போயிற்று, கருத்துப் போகவில்லை, இறைவன் ஏற்றான். சுற்றத்தாரிடத்து நெல் முழுவதையும் திருப்பும் எண்ணம் இருந்தது, கருத்துத் தவறியது, நியமம் கெட்டது. கை தவறுதல் வேறு, கருத்துத் தவறுதல் வேறு. மேலும், தாயனாரின் அரிவாள் சென்றது ‘யான்’ என்பதன்மேல். கோட்புலியாரின் வாள் சென்றது ‘என் தந்தை, என் தாய், என் குடி’ என்னும் ‘எனது’ என்பதன்மேல். காவலன் இரந்ததும் குடியின் பெயராலே அன்றோ? யான் எனது என்னும் செருக்கு இரண்டும் அறுதலே வீட்டின் வாயில் என்னும் உண்மையை, இரண்டு ஊர்களின் நெல்லைக்கொண்டு நம் புராணம் உணர்த்திற்று.

அடியேன் கற்ற பாடம்

இதனை எழுதும் அடியேன் ஒன்றை மறையாது கூறக் கடமைப்பட்டுள்ளேன். எங்கள் குடும்பத்தில் பாட்டனார் காலந்தொட்டு ஒரு வழக்கம். களத்திற் பொலி தூற்றிக் கூலி அளந்தபின், வீட்டுப் பத்தாயத்தில் ஒரு மணி சேர்வதற்கு முன், ஒரு கலம் நெல்லை ஊர்ச் சிவன்கோயில் அமுதுபடிக்கு அளந்து அனுப்புவர். 2012 ஆம் ஆண்டில் மேட்டூரணை வழக்கமான ஜூன் 12 ஆம் நாளிற் திறக்கப்படவில்லை. குறுவை இல்லையாயிற்று, காலந்தாழ்ந்து வந்த நீரை நம்பி இட்ட சம்பாவும் பலவிடங்களிற் கருகிற்று. எங்கள் களத்துக்கு வந்தது சில மூட்டைகளே. ‘சுவாமி நெல்லை அளந்துவிடலாமா?’ என்று என் மனைவி கேட்டாள். ‘வருகிற ஆண்டு இரண்டு கலமாகக் கொடுத்துவிடுவோம்’ என்றேன்.

அடுத்த ஆண்டு விளைந்தது. சொன்னவாறே இரண்டு கலமும் கொடுத்தேன். மனம் நிறைவாகவே இருந்தது. முந்தைய ஆண்டில் பல நாள் தம் வீட்டு அரிசியிலிருந்தே சுவாமிக்கு அமுது செய்வித்ததாகக் கோயிற் குருக்கள் பேச்சினிடையே கூறினார், குறையாகக் கூறவில்லை. சில திங்கள் கழிந்து, ஆடிக் கேட்டையில் கோட்புலியார் குருபூசைக்கு விரிவுரை செய்ய வேண்டி, பலமுறை பாடஞ்சொன்ன அப்புராணத்தை மீண்டும் எடுத்தேன். சுற்றத்தார் கூறும் இடத்திற்கு வந்தபோது மேலே படிக்க இயலவில்லை. அச்சொல் என் சொல். அவர்களுக்கேனும் உயிர் போகும் பசி இருந்தது. எனக்கு அதுவும் இல்லை. கடைநெல் வாங்கிக் குடும்பம் ஓராண்டு உண்டது.

இரட்டிப்பாகக் கொடுத்ததனால் கடன் தீர்ந்தது, நியமம் மீளவில்லை. நெல் மலிந்த காலத்துக் கொடுத்தல் கொடையாகலாம். நெல் அருகிய காலத்துக் கொடுத்தலே நியமம். அவ்வொரு கலத்தின் பெருமை கலத்தில் இல்லை, அது அரிதாயிருந்த நாளில் இருந்தது. அந்த நாளை யான் திருப்பிக் கொடுக்க இயலாது. நாகப்பட்டினத்து அதிபத்த நாயனார் ஒவ்வொரு நாளும் ஒரு மீனை இறைவனுக்கென்று கடலில் விடும் நியமமுடையவர். வலையில் ஒரு மீனே கிடைத்த நாட்களிலும் அதனையே விட்டார். நூறு மீன் கிடைத்த நாளில் ஒன்றை விட்டதைக் கொண்டு நாம் அவரை நினைப்பதில்லை. ஒரு மீனையும் விட்ட நாளைக் கொண்டே நினைக்கிறோம்.

சித்தாந்தத் துணிபு

உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது என்பது நம் சித்தாந்தம். அது தனித்து நிற்கமாட்டாது; பாசத்தைச் சாரும், அன்றிப் பதியைச் சாரும். சாராதிருப்பேன் என்றல் அதற்கு இயலாது. நியமமாவது, பாசத்தைச் சார்ந்து பழகிய உயிர் பதியைச் சார்ந்து பழகுதற்குத் தானே ஏற்றுக்கொண்ட கட்டு. கட்டறுத்தற்கு வந்தவன் மேலும் ஒரு கட்டைப் பூணுதல் என்னை எனின், வைக்கோற் கட்டினை நோக்குக. அதனைக் கட்டும் பிரியும் வைக்கோலே. சிதறிக்கிடப்பதும் அதுவே, முறுக்கேறிக் கட்டுவதும் அதுவே. அதுபோல, சிதறிய வினைகளைத் தொகுத்து ஒருவழிப்படுத்துவதும் ஒரு வினையே. ஆயினும் அன்பாகிய முறுக்கேறிய வினை.

சரியை முதலிய நால்வகை நெறியுள்ளும் இதுவே வித்து. சமயம், விசேடம், நிருவாணம் என்னும் தீக்கைகளின்போது மாணாக்கன் தன் உடல் பொருள் ஆவி மூன்றனையும் ஆசிரியன் திருமுன் ஒப்புவிக்கின்றான். ஒப்புவித்தபின் அவை அவனுடையன அல்ல. அன்று முதல் அவன் செய்யும் அனுட்டானம், பூசை, திருமுறை ஓதுதல் ஆகியன அவன் ஈட்டும் புண்ணியமன்று. உடையவன் பொருளை உடையவன் பணியிற் செலுத்துதல். சிவஞானபோதத்துப் பத்தாம் சூத்திரம் இறைவனோடு ஒன்றாகி அவன் பணியில் வழுவாது நிற்றலைப் பாசநீக்கத்திற்கு வழியாக வகுத்ததும் இக்கருத்துப் பற்றியே. ‘இன்று உடல்நலமில்லை, நாளை இரண்டு மடங்கு ஓதிக்கொள்வோம்’ என்னும் எண்ணம் எழும்போதெல்லாம், அது கோட்புலியார் கூட்டின் முன்னர் நின்று எழுந்த எண்ணமே என்று மடங்களில் உறையும் இளந்துறவியர் உணர்வாராக. உடல் மெய்யாகவே வீழ்ந்தவழி அஞ்ச வேண்டா. கமரினின்று எழும் கை ஒன்று உண்டு.

தொகுத்துக் கூறுதும். நோன்பு பூண்டவன் கொடுப்பது நெல்லன்று. நெல்லும் நிலமும் உடலும் முன்னரே இறைவன் தந்தவை. அவன் கொடுப்பது அவற்றின்மேல் தான் கொண்ட ‘எனது’ என்னும் உரிமையே. பெறுவது பதிச்சார்பு. இடையில் முறிந்தால் இழப்பது, அரிய காலத்தில் அச்சார்பிலே நிலைக்கும் பேறு. அப்பேறு இழந்தவர்க்கும் வழியடையவில்லை. வாளுக்கு இரையான சுற்றத்தார்க்கும் மேலுலகளித்த பெருமான், தவற்றைத் தவறென்று உணர்ந்து மீண்டும் அளக்கத் தொடங்குவானைத் தள்ளான். எங்கள் வீட்டில் இப்போது அந்த ஒரு கலம் விளைவின் அளவு பார்த்து அளக்கப்படுவதில்லை. பத்தாயம் திறக்குமுன் அளந்துவிடுகிறோம். அதன்பின் எஞ்சியதே எங்களுக்கு விளைந்தது என்று கொள்கிறோம்.

திருச்சிற்றம்பலம்